மாடிக்கு வந்த கீழ்வீட்டம்மா

1

வருடத்துக்கு ஒரு முறை நான் இந்த ஊர் நகராட்சிக்கு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகையை ஏற்றவில்லை, குடியிருக்கும் யாரையும் வெளியேற்றவில்லை, பூகம்பத்துக்காக நிறுத்திய இரும்புத் தூண்களை அறுத்து விற்றுவிடவில்லை என்று. கடைசியில் சொன்னது நானாகச் சேர்த்தது. ஆனாலும் படிவத்தைப் படித்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். போன வாரம் அந்தக் கடிதம் வந்தபோதுதான், அந்தத் தூண்களை நிறுத்திய வேலை முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்பதே எனக்கு உறைத்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அதே மேஜையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊருக்கு வரும்போதெல்லாம் தென்காசியிலும் குற்றாலத்திலும் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். "அங்கன ஒங்களுக்குச் சொந்தமா ஆறு வீடு இருக்காம்லா?" ஆறு வீடு இருப்பது உண்மைதான். ஆறும் ஒரே கட்டடத்துக்குள், தீப்பெட்டி அடுக்கினாற்போல இருக்கின்றன. அதில் பெரும்பகுதி இன்னும் பாங்குக்குச் சொந்தம். கீழே கார் நிறுத்துமிடம், அதன் பின்னால் ஒரு வீடு, நடுமாடியில் மூன்று, மேல்மாடியில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். கலிபோர்னியாவில், கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சின்ன ஊர் இது. இந்த ஆறு வீட்டையும் எங்கள் பெயரில் இன்னும் வைத்திருப்பது எங்கள் சாமர்த்தியமில்லை. யார் யாரெல்லாம் காரணம் என்று சொல்லிவிட்டால் எனக்கு மனசு ஆறும்.

2

இந்தக் கட்டடத்தை வாங்கியபோது பூகம்பத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. கூரை ஒழுகுகிறதா, குழாயில் வெந்நீர் வருகிறதா என்று பார்த்தோம். குற்றாலத்தில் என் அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து ஓட்டைத்தான் பார்ப்பார். சாரல் அடிக்கிற ஊரில் அதுதான் புத்தி. இந்த ஊரில் ஆபத்து மேலேயிருந்து வராது, கீழேயிருந்து வரும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

நகராட்சி இன்ஜினியர் ஒருவர் வந்தார். கார்களுக்கு நடுவே நடந்தார். கட்டடத்தைத் தாங்கி நிற்கும் மெல்லிய கம்பங்களைக் கையால் தட்டிப் பார்த்தார். தரை பலமாக ஆடினால் மேலே இருக்கும் இரண்டு மாடியும் இந்தக் கார்களின் மேல் உட்கார்ந்துவிடும் என்றார். சாயங்காலம் மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

என் வீட்டுக்காரர் அசையவில்லை. அவர் இங்கே ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். பிறந்து வளர்ந்தது தென்காசி கோயில் வாசலில். அந்த நாளில் அங்கே ராஜகோபுரம் மேல்நிலைகள் இல்லாமல், பிளந்து, மொட்டையாக நிற்கும். ஊரே அதன் அடியில்தான் போய் வரும். அங்கே வீசுகிற காற்றுக்காகச் சாயங்காலம் வேலை மெனக்கெட்டுப் போய் நிற்பார்கள். இன்ஜினியர் போனதும் இவர் சொன்னார்: "மொட்டைக் கோபுரத்துக்குக் கீழ விளையாண்டு வளந்தவன் நான். எனக்குத் தூணைத் தட்டிக் காட்டுதான்." எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் கீழ்வீட்டில் வயதான குடித்தனக்காரர் மிசஸ் ஹார்லன் இருக்கிறாரே என்ற நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. குறித்த காலத்துக்குள் கீழ்த்தளத்தைப் பலப்படுத்த வேண்டும். தவறினால், குடியிருக்கத் தகுதியற்றது என்று வாசலில் அட்டை ஒட்டி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். எங்களையும் சேர்த்து ஆறு குடும்பம் தெருவில் நிற்க வேண்டும். அந்த வேலையை எங்கள் சம்பளத்தில் செய்ய வழியே இல்லை. நல்லவேளையாக அதே உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. சிறிய அடுக்குவீடுகளைப் பலப்படுத்தும் செலவில் பெரும்பங்கை நகராட்சியே மானியமாகத் தரும், விதிகளுக்கு உட்பட்டால்.

3

அந்த விதிப்புத்தகம் எங்கள் கல்யாண ஆல்பத்தின் கனம் இருந்தது. எங்கள் மகள் செல்விதான் அதை வாசித்து விளக்கினாள். பதினான்கு வயது. இங்கே வரும்போது கைக்குழந்தை. இப்போது தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. அவளுடைய அறைக்கதவு மூடியே இருக்கிற காலம் அது. விதிப்புத்தகத்துக்காக அவள் வெளியே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்ததற்கே நான் நகராட்சிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது முதல் பக்கம்தான். கட்டடம் எத்தனை அடி, கல்லா மரமா என்று கேட்பார்கள் என நினைத்தேன். உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள், எத்தனை காலமாக, நடக்க முடியாதவர்கள் உண்டா என்று கேட்டிருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அடைமழையில் எங்கள் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. அப்பா நிவாரணத்துக்காகத் தென்காசி தாலுகா ஆபீசுக்கு அலைந்தார். அளந்து பார்க்க ஆள் வருவதற்குள் பொறுக்கமாட்டாமல் புதுச் சுவர் கட்டிவிட்டார். வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து, நல்லாத்தானே நிற்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. அவருடைய விதியில் சுவர்தான் இருந்தது, நாங்கள் இல்லை.

இந்த விதிகளில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். வேலை முடிகிற வரை உரிமையாளர் தன்னுடைய வீட்டில் குடியிருக்க வேண்டும். மானியம் வாங்கிக்கொண்டு எங்கேயோ இருக்கிறவர்களுக்கு இது இல்லை. குடித்தனக்காரர் ஒவ்வொருவரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். வேலைக்காக யாராவது வீட்டை ஒழித்துத் தர வேண்டியிருந்தால், அவர்களுக்கு அதே தரத்தில் தங்க இடம் கொடுத்து, பிறகு அதே வீட்டுக்கு அதே வாடகையில் திரும்பக் கூட்டி வர வேண்டும். வீடு அல்லாத அறைகளில் யாரும் படுக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் மானியம் நிறுத்தப்படும். இதையெல்லாம் மேற்பார்க்க மிஸ்டர் கிரீலி என்று ஒரு நகராட்சி அதிகாரி. ஒல்லியான மனிதர், கையில் தாள் செருகிய அட்டையோடு வருவார், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார்.

மாடியில் இருந்த நான்கு குடும்பமும் அன்றைக்கே சம்மதம் தந்தார்கள். எதிர்வீட்டு வியட்நாம் தம்பதி கையெழுத்துப் போட்டதோடு ஆரஞ்சுப்பழமும் கொடுத்து அனுப்பினார்கள். மிச்சமிருந்தது கீழ்வீடு. அந்த வீட்டுக்குள்ளேதான் புதுத் தூண்கள் இறங்க வேண்டும், அதைத்தான் ஒழித்துத் தர வேண்டும்.

மிசஸ் ஹார்லனுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பழங்களை டப்பாவில் அடைக்கிற ஆலையில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்லை. ஒரு பெரிய மஞ்சள் பூனை வைத்திருந்தார், அதற்கு மேயர் என்று பெயர். மேயர் நாள் முழுவதும் ஒரு வேலையும் பார்க்காமல் ஜன்னலில் உட்கார்ந்து எல்லோரையும் முறைப்பதால் அந்தப் பெயராம்.

அவர் சம்மதத் தாளைக் கையால் தொடவே இல்லை. நகராட்சிச் செலவில் நல்ல ஓட்டலில் இடம் தருகிறோம் என்று கிரீலி சொல்லிப் பார்த்தார். மிசஸ் ஹார்லன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். முன்பு வேறு ஊரில் குடியிருந்தபோது, குழாய் மாற்ற வேண்டும், இரண்டே வாரம் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னாராம். நம்பிப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது பூட்டு மாறியிருந்தது, சாமான்கள் நடைபாதையில் இருந்தன, கணவரின் படம் மழையில் நனைந்து போயிருந்தது. "இந்தக் கட்டடத்து வாசலைத் தாண்டி நான் காலை வைக்கமாட்டேன். இடிந்து விழுந்தால் என் மேல் விழட்டும்," என்றார்.

அவருடைய கையெழுத்து இல்லாமல் மானியம் இல்லை. மானியம் இல்லாமல் வேலை இல்லை. வேலை நடக்காவிட்டால் வாசலில் அட்டை, அவரும் உட்பட எல்லோரும் வெளியே. இதை அவருக்குப் புரியவைக்க இவர் மணிக்கணக்கில் படம் போட்டுக் காட்டினார். அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனால் நடைபாதையில் கிடந்த சாமானை அவர் தன் கண்ணால் பார்த்தவர். எங்களுடைய வாக்கை அவர் எதை வைத்து நம்புவார்?

4

இங்கே நான் குற்றாலத்துச் சீசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் தெரியாத மகராசர்களும் இதைப் படிக்கலாம்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் மதுரை, சிவகாசி, மெட்ராஸ் என்று ஜனங்கள் வந்து குவிவார்கள். லாட்ஜுகள் நிரம்பிவிடும். அப்போது எங்களைப் போன்றவர்கள் இருக்கிற வீட்டையே வாடகைக்கு விடுவோம். அந்த வருமானத்தில்தான் என் படிப்பு, அக்கா கல்யாணம் எல்லாம். வீட்டை விட்டுவிட்டு நாங்கள் பின்னால் மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் போய் இருப்போம். அப்பா, அம்மா, அக்கா, நான், அடுப்பு, பாய், எங்கள் பாடப்புத்தகம் எல்லாம் அதற்குள்தான்.

ஒரு சீசனில் மதுரைக் குடும்பம் ஒன்றுக்கு வீட்டைக் கொடுத்தபோது நான் கணக்குப் புத்தகத்தை உள்ளே மறந்து வைத்துவிட்டேன். எடுக்கப் போனால் அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "வீட்டக் குடுத்தாச்சுன்னா அது அவுக வீடு. நாம அங்கன எட்டிப் பாக்கப்பிடாது," என்றார். அந்த மதுரைக் குடும்பம் கிளம்புகிற வரை நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் அடி வாங்கினேன். பரம சாது என் அப்பா, ஆனால் இந்த விஷயத்தில் இரும்பு. கிணற்றடிக்குப் போவதென்றால்கூட அம்மா இருமிவிட்டுத்தான் போவாள். நாங்கள் எங்கே படுக்கிறோம் என்று சீசன்காரர்கள் யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. சொன்னால் வந்தவர்களுக்குச் சங்கடம் என்பது அம்மாவின் கட்சி.

அதனால் நான் செய்த காரியம் எனக்குக் கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. கீழே போய் மிசஸ் ஹார்லனிடம் எங்கள் வீட்டுச் சாவியை நீட்டினேன். "நீங்கள் வாசலைத் தாண்ட வேண்டாம். மேலே எங்கள் வீட்டில் இருங்கள். சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்," என்றேன். சாவியை அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேயரும் வரலாமா என்று கேட்டார். வரலாம் என்றேன். ஆயுளில் ஒரு மீன்முள்ளைக்கூட உள்ளே விடாத என் சமையலறையை நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

இவரிடம் வந்து சொன்னபோது, "நாம எங்கன இருப்போம்?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டை ஒட்டி மேல்மாடியில் ஒரு சாமான் அறை இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு விளக்கு. "சாய்ப்புல இருக்க மாதிரி இருந்துக்கிடலாம்," என்றேன். "சரி, இருந்துக்கிடலாம்," என்றார். விதிப்புத்தகம் அந்த நேரத்தில் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. தென்காசிக்காரருக்குக் குற்றாலத்து நியாயம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியிருந்தது செல்விக்குத்தான். நாம்தானே ஓனர், நாம் ஏன் பெட்டிகளுக்கு நடுவில் படுக்க வேண்டும் என்று இங்கிலீஷில் கத்தினாள். கொடுத்தால் முழுசாகக் கொடுப்பதுதான் நம் வழக்கம் என்றேன். உன் வழக்கம் என்று திருத்தினாள். மூடிக்கொள்ள அவளுக்கு அங்கே தனி அறைக்கதவு இல்லாததால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

5

வேலை தொடங்கியது. கீழே காங்கிரீட்டைக் குடைகிற சத்தத்தில் கட்டடமே பல்லைக் கடித்தது. நாங்கள் சாமான் அறையில் மின்சார அடுப்பில் சோறு பொங்கினோம். குளிக்கவும் மற்றதுக்கும் எதிர்வீட்டு வியட்நாம் தம்பதி தங்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். அவர்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மிசஸ் ஹார்லனோ நாங்கள் சிநேகிதர் வீட்டில் தங்குகிறோம் என்று தானாகவே நினைத்துக்கொண்டார். நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை. அவர் வெளியே வரும் சத்தம் கேட்டால் நான் அம்மா மாதிரியே ஒதுங்கிக்கொள்வேன்.

ஒருநாள் மத்தியானம் கிரீலி சொல்லாமல் வந்தார். அட்டையோடு மேலே ஏறி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது மிசஸ் ஹார்லன். உரிமையாளர் எங்கே என்று கேட்டார். தெரியாது, சிநேகிதர் வீட்டில் என்றார் அவர். கிரீலி உள்ளே பார்த்தார். எங்கள் கட்டிலில் மேயர் படுத்திருந்தது. பக்கத்துச் சாமான் அறையிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. அவர் கதவைத் தள்ளினார்.

உள்ளே இவர் லுங்கியோடு தரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். சுற்றிலும் அட்டைப்பெட்டி, மூலையில் படுக்கைச் சுருள். கிரீலி மின்சார அடுப்பைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், இவருடைய தட்டைப் பார்த்தார். அவர் பின்னால் வந்து நின்ற மிசஸ் ஹார்லனும் எல்லாவற்றையும் பார்த்தார். திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிரீலிக்கு எங்கள் மேல் கோபமில்லை, வருத்தம்தான். உரிமையாளர் தன் வீட்டில் இல்லை. வீடல்லாத அறையில் ஆட்கள் படுக்கிறார்கள். இரண்டு விதி மீறப்பட்டிருக்கிறது. கமிட்டி கூடி முடிவு செய்யும் வரை மானியத்தை நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். மறுநாள் வேலையாட்கள் வரவில்லை. கீழ்வீட்டுத் தரை பிளந்து கிடந்தது, பழைய கம்பங்களில் பாதியை எடுத்துவிட்டு முட்டுக் கொடுத்திருந்தார்கள். முன்பைவிட மோசமான நிலைமை. மானியம் ரத்தானால் அப்படியே அட்டை ஒட்டிவிடுவார்கள். நல்லது செய்யப் போய் ஆறு குடும்பத்தையும் நானே தெருவில் நிறுத்திவிட்டேனே என்று இவரிடம் புலம்பினேன். "வெசனப்படாத. போய் உள்ளதச் சொல்லுவோம்," என்றார் இவர்.

கமிட்டி என்பது நகராட்சியின் ஓர் அறையில் மூன்று பேர். தலைவர் ஒரு நடுத்தர வயது அம்மா. எதிர்வீட்டுத் தம்பதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். செல்வி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மொழிபெயர்க்க வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. என் இங்கிலீஷ் கடைக்குப் போதும், கமிட்டிக்குப் போதாது.

தலைவரம்மா எங்கள் வீட்டு வரைபடத்தைப் பார்த்தார். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். நிமிர்ந்து, மிகவும் நிதானமாகக் கேட்டார்: "இடம் இருக்கிறதே. நீங்களும் அந்த அம்மாவோடு அதே வீட்டிலேயே இருந்திருக்கலாமே. ஏன் வெளியே வந்தீர்கள்?"

இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்லுகிறேன், அத்தனை நாளில் எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு வழி இருப்பதாகத் தோன்றவே இல்லை. வீட்டைக் கொடுத்தால் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் நான் தமிழில் சீசனைப் பற்றிச் சொன்னேன். அருவி, மழை, சாய்ப்பு, அப்பா கையைப் பிடித்து நிறுத்தியது. செல்வி ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். கணக்குப் புத்தகம் வரும்போது அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இதையெல்லாம் அவளுக்கு நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவள் கேட்டதில்லை.

அப்போது கதவு திறந்தது. மிசஸ் ஹார்லன் நின்றார். வாசலைத் தாண்டமாட்டேன் என்றவர் டாக்சி பிடித்து வந்திருந்தார், எங்கள் வீட்டுச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. யாரும் பேசச் சொல்வதற்கு முன்பே பேசிவிட்டார், காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில்.

"வீட்டைக் காலி செய் என்று சொன்ன சொந்தக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்காகக் காலி செய்த சொந்தக்காரர்களை இப்போதுதான் பார்க்கிறேன். இவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்."

தலைவரம்மா வரைபடத்தை மடித்து வைத்தார். மற்ற இருவரோடு தாழ்ந்த குரலில் பேசினார். விதியை மீறியது மீறியதுதான், எச்சரிக்கை பதிவாகும் என்றார். இன்று சாயங்காலத்துக்குள் உரிமையாளர் குடும்பம் தன் வீட்டுக்குள் போய்விட வேண்டும். மிஸ்டர் கிரீலி வந்து பார்த்து, போயிருந்தால் நாளையிலிருந்து மானியம் தொடரும். "உங்கள் விருந்தாளியோடு ஒரே வீட்டில் இருக்க உங்களால் முடியுமா?" என்று என்னைக் கேட்டார். முடியும் என்று நான் செல்விக்குக் காத்திராமல் இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டேன். அந்தத் தலைவரம்மாவை நினைக்காமல் எனக்கு இன்றைக்கும் ஒரு வாரம் கழிவதில்லை. தள்ளிவிடுவதற்கு அவருக்குக் காரணம் கையில் இருந்தது, அவர் அதை எடுக்கவில்லை.

6

ஏழெட்டு வாரம் ஒன்றாக இருந்தோம். மிசஸ் ஹார்லனுக்குச் செல்வியின் அறையில் இன்னொரு கட்டில் போட்டோம். மேயருக்குக் கதவு மூடியிருந்தால் ஆகாது, பிராண்டிக்கொண்டே இருக்கும். எங்கள் மகளின் அறைக்கதவு ஒரு பூனையின் தயவில் திறந்தது. அதற்காக நான் அதன் மீனைச் சகித்துக்கொண்டேன், பால்கனியில்.

மகளைப் பற்றி எனக்கு மிசஸ் ஹார்லன்தான் சொன்னார். அவளுக்குச் சரித்திரம் பிடிக்கும், கணக்கு டீச்சரைப் பிடிக்காது, வகுப்பில் ஒருத்தி அவள் டிபன் டப்பாவைப் பார்த்து மூக்கைப் பிடித்தாள், அதிலிருந்துதான் அவள் மத்தியானம் சாப்பிடுவதில்லை. இதெல்லாம் என் வீட்டுக்குள்ளேயே இருந்த சேதிகள், எனக்குத்தான் வரவில்லை. கேட்டபோது வலித்தது, ஆனாலும் யாரிடமாவது சொல்லியிருக்கிறாளே என்று ஆறுதலாகவும் இருந்தது. அதே போல என்னைப் பற்றி அந்த அம்மா அவளிடம் கேள்வி கேட்பார். அருவி எவ்வளவு உயரம், தலையில் விழுந்தால் வலிக்காதா என்பார். செல்விக்குத் தெரியாது, என்னிடம் வந்து கேட்பாள். நான் சொல்ல, அவள் போய்ச் சொல்லுவாள். இரண்டு அறைக்கு நடுவில் அந்தப் பிள்ளை குற்றாலத்தைச் சுமந்துகொண்டு நடந்தாள். பேரருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களைப் பற்றிச் சொன்னபோது இருவரும் சிரித்த சிரிப்பு எனக்குச் சமையலறையில் கேட்டது.

அப்பாவுக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். மானியம் நிலைத்தது பற்றி அவருக்குச் சந்தோஷம். ஆனால் நாங்கள் மிசஸ் ஹார்லனுடனே அதே வீட்டில் இருப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வந்த இடத்தில் அவுகளுக்கு இடைஞ்சலாக இருக்காதா, நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டிருந்தார். அதைச் செல்வி மிசஸ் ஹார்லனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். உன் அப்பாவை நான் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும் என்று அவர் என்னிடம் சொன்னார்.

7

இரும்புத் தூண்கள் நின்றன. சுவர்களுக்குள் பலகை அடித்து, அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். கீழ்வீட்டுக்குப் புதுத் தரை வந்தது, புதுச் சுண்ணாம்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து மிசஸ் ஹார்லனின் சாமான்களைக் கீழே இறக்கினோம். செல்வி மேயரைத் தூக்கிக்கொண்டு போனாள். போனவள் சாப்பாட்டு நேரம் வரை மேலே வரவில்லை.

மறுநாள் கிரீலி கடைசிப் பரிசோதனைக்கு வந்தார். தூண்களைத் தட்டினார், போல்ட்டுகளைப் பார்த்தார், எல்லாம் வழக்கம்போல இரண்டு தடவை. இன்னும் ஒரே ஒரு விதி பாக்கி என்றார். வீட்டை ஒழித்துத் தந்த குடித்தனக்காரர் திரும்பி வந்துவிட்டதாகத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் குறித்துக்கொண்டால்தான் கடைசித் தவணை எங்களுக்கு வரும். நான், இவர், செல்வி மூவரும் அவரோடு கீழ்வீட்டுக்குப் போனோம். மிசஸ் ஹார்லன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கிரீலி அட்டையை நிமிர்த்திப் பிடித்து, அவருக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தார்: "வேலைக்காக வீட்டை விட்டுப் போன நீங்கள், இப்போது உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டீர்களா?"

மிசஸ் ஹார்லன் இல்லை என்று தலையாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரீலியின் பேனா அப்படியே நின்றது. கேள்வி காதில் சரியாக விழவில்லையோ என்று அவர் மறுபடியும், இன்னும் உரக்க வாசித்தார்.

"கேட்டது, கேட்டது," என்றார் அவர். "நான் வீட்டை விட்டுப் போகவே இல்லையே. அப்புறம் எப்படித் திரும்பி வருவது?"

கிரீலி என்னைப் பார்த்தார். செல்விதான் பதில் சொன்னாள். அவரிடம் இல்லை, என்னிடம், வெகுநாளைக்குப் பிறகு தமிழில்: "அம்மா, அவங்க சொல்றது சரிதானே. அப்படியே எழுதிக்கச் சொல்லு."